ஹிமேஜி கோட்டைக்கு ஒரு நாளை ஒதுக்கலாமா, ஒசாகா கோட்டையே போதுமா?

மேகலை:
அனைவருக்கும் வணக்கம். நவம்பர் மாதக் கடைசியில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஜப்பானுக்குச் செல்லவிருக்கிறேன். ஒசாகாவில்தான் தங்குகிறோம். பழைய கோட்டை ஒன்றையாவது ஆற அமரப் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒசாகா கோட்டை தங்குமிடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. லிஃப்ட் உண்டு, உள்ளே அருங்காட்சியகமும் உண்டு. ஹிமேஜிக்கு என்றால் ரயிலில் போய்வர வேண்டும், செங்குத்தான மரப்படிகளில் ஏற வேண்டும், நுழைவுக் கட்டணமும் 2,500 யென் ஆகிவிட்டதாம். அத்தனையும் செய்து மேலே போனால் வெறும் அறைகள்தான் இருக்கின்றன என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். நேரில் பார்த்தவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும். அம்மாவுக்கு 66 வயது; நன்றாக நடப்பார், ஆனால் முழங்கால் வலி உண்டு.

தச்சன் மகன்:
மேகலை அவர்களே, முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஒசாகாவில் நீங்கள் பார்க்கப்போகும் கோபுரம் 1931-இல் கான்கிரீட்டில் கட்டப்பட்டது. நகோயாவின் கோபுரம் 1945 மே மாத விமானத் தாக்குதலில் எரிந்து, 1959-இல் கான்கிரீட்டில் மீண்டும் எழுந்தது. ஹிரோஷிமாவின் கோபுரம் அணுகுண்டில் சரிந்து, 1958-இல் மறுபடியும் கட்டப்பட்டது. எடோ காலத்திலிருந்தோ (1603–1868) அதற்கும் முன்பிருந்தோ கோபுரம் அப்படியே நின்றுகொண்டிருக்கும் கோட்டைகள் ஜப்பான் முழுவதிலும் பன்னிரண்டே. அவற்றில் ஹிமேஜி, மத்சுமோத்தோ, ஹிகோனே, இனுயாமா, மத்சுயே ஆகிய ஐந்தும் தேசியப் பொக்கிஷங்கள். இந்த ஐந்திலும் மிகப் பெரியது ஹிமேஜி. தொகுகாவா இயேயாசு 1600-இல் வென்று நாட்டின் ஆட்சியைத் தன் கைக்குக் கொண்டுவந்த செகிகஹாரா போருக்குப் பின் இந்தப் பகுதியைப் பெற்ற இகேதா தெருமாசா, அந்த இயேயாசுவின் மருமகன். அவர் 1601-இல் தொடங்கி 1609-இல் முடித்த கட்டடத்தைத்தான் இன்றும் நாம் பார்க்கிறோம். 1993-இல் ஜப்பானிலிருந்து முதன்முதலாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய இடங்களுள் அதுவும் ஒன்று. மரத்தாலான கோட்டை எப்படி வேலை செய்தது என்று அறிய விரும்பினால், ஒசாகாவில் தங்கிக்கொண்டு ஹிமேஜிக்குப் போகாமல் திரும்புவது பெரிய இழப்பு.

வழிப்போக்கன்:
தச்சன் மகன் சொல்லும் வரலாற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மேகலை அவர்கள் ஆராய்ச்சிக்குச் செல்லவில்லை, சுற்றுலாவுக்குச் செல்கிறார். நானும் ஹிமேஜிக்குப் போயிருக்கிறேன். வெளியிலிருந்து பார்க்கும்போது அதன் அழகுக்கு ஈடில்லை. அதை யாரும் மறுக்க முடியாது. உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு, முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்தபடியே தளம் தளமாக ஏறினேன். அரியணை, ஓவியம், படுக்கையறை எதுவும் இல்லை; ஒவ்வொரு தளத்திலும் மரத்தரையும் தூண்களும்தான். உச்சியில் ஒரு சிறு ஆலயம் இருக்கிறது. அதைக் கும்பிட்டுவிட்டு மறுபக்கப் படிகளில் இறங்கிவிட்டேன். இதற்கு 2,500 யென் என்பது குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சுமைதான். ஒசாகா கோட்டையின் கட்டணம் 1,200 யென். உள்ளே, அந்தக் கோட்டையை முதலில் கட்டிய 16-ஆம் நூற்றாண்டு ஆட்சியாளர் தோயோதோமி ஹிதேயோஷியின் வாழ்க்கையை நிதானமாகப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். முழங்கால் வலியுள்ள தாயாரோடு போகிறவருக்கு அதுவே ஏற்றது என்பது என் கருத்து.

தச்சன் மகன்:
நண்பரே, வெறும் தூண்கள் என்று எழுதிவிட்டீர்கள். அந்தத் தூண்களைப் பற்றித்தான் நான் நீளமாக எழுத விரும்புகிறேன், பொறுத்தருள வேண்டும்.

பெருங்கோபுரத்தின் வெளித்தோற்றத்தில் ஐந்து அடுக்குகள் தெரியும். உள்ளே இருப்பவையோ ஆறு தளங்களும் ஒரு நிலவறையும், ஆக ஏழு. கல்மேடை நீங்கலாக 31.5 மீட்டர் உயரமுள்ள இந்தக் கட்டடத்தைக் கிழக்கிலும் மேற்கிலுமாக இரண்டு பெருந்தூண்கள் தாங்குகின்றன. நிலவறையில் கிளம்பும் அவை ஆறாம் தளத்தின் தரைவரை ஓடுகின்றன. உயரம் ஏறத்தாழ 24.6 மீட்டர், அடியில் விட்டம் ஒரு மீட்டருக்குச் சற்றே குறைவு. ஏறும்போது ஒவ்வொரு தளத்திலும் அதே தூணை மறுபடி மறுபடி சந்திப்பீர்கள், ஒவ்வொரு முறையும் அது சற்று மெலிந்திருக்கும். கிழக்குத் தூண் கட்டிய காலத்து மரம். அதன் அடிப்பகுதியில் மட்டும் புதுமரம் சேர்த்திருக்கிறார்கள். மேற்குத் தூண் 1956 முதல் 1964 வரை நடந்த பெரும் திருப்பணியின்போது முழுமையாக மாற்றப்பட்டது. ஒரே மரமாக ஹினோகி என்னும் ஜப்பானியச் சைப்ரஸைத் தேடி கிசோ மலைக்காட்டுக்குப் போனார்கள். வெட்டிக் கொண்டுவரும் வேலையில் மரம் முறிந்தது. கடைசியில் இரண்டு மரங்களை மூன்றாம் தளத்தில் பொருத்தி நிறுத்தினார்கள். அந்தப் பொருத்தைத் தேடிப் பாருங்கள். கழற்றப்பட்ட பழைய தூணைக் கோட்டை வளாகத்திலேயே வைத்திருக்கிறார்கள். கட்டணம் செலுத்தாமலே அதைப் பார்க்கலாம்.

அடுத்தது, அறைகள் ஏன் வெறுமையாக இருக்கின்றன என்ற கேள்வி. கோட்டைத் தலைவர் அந்தக் கோபுரத்தில் குடியிருக்கவில்லை. குடியிருப்பும் அலுவலும் கீழே இருந்த மாளிகைகளில் நடந்தன. கோபுரத்தின் காலடியில் பிசென்மாரு என்னும் முற்றத்தில் நின்ற மாளிகை 1882-இல் தீக்கிரையானது. கோபுரமோ ஆயுதக் கிடங்காகவும், முற்றுகை நேர்ந்தால் கடைசிப் புகலிடமாகவும் கட்டப்பட்டது. ஆகவே அங்கே படுக்கையறையைத் தேடினால் கிடைக்காது. தேட வேண்டியவை வேறு. சுவர்களில் வரிசையாக அடித்திருக்கும் மரக்கொக்கிகள் ஈட்டிகளையும் துப்பாக்கிகளையும் மாட்டிவைப்பதற்கானவை. சில தளங்களில் சன்னல்கள் ஆளுயரத்துக்கும் மேலே இருக்கின்றன. அவற்றை எட்டுவதற்குப் படிகளோடு கூடிய மேடைகள் கட்டியிருக்கிறார்கள். அங்கே ஏறி நின்று வீரர்கள் வெளியே சுடவும் கல்லெறியவும் முடியும். மூலைகளில் ஆள் ஒளிந்துகொள்ளும் சிற்றறைகள் உண்டு. நிலவறையில் கழிப்பறைகளும் கழுவுதொட்டியும் இருக்கின்றன. முற்றுகைக்காக அமைத்தவை, ஒருபோதும் பயன்படாதவை. கட்டிய நாள்தொட்டு இந்தக் கோபுரத்துக்குள் போரே நடந்ததில்லை.

சன்னல் கம்பிகளைக்கூட விட்டுவிடாதீர்கள். உள்ளே மரம், மேலே சுண்ணாம்புச் சாந்து. சுவர், கூரையின் அடிப்புறம், ஓடுகளின் இடைவெளி என எல்லா இடங்களிலும் அதே சாந்தைப் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்பைக் கடற்பாசிப் பசையோடும் சணல்நாரோடும் குழைத்துச் செய்த அந்தப் பூச்சு தீயையும் மழையையும் மரத்தை அண்டவிடாது. வெள்ளைக் கொக்குக் கோட்டை என்ற பெயரை வாங்கித் தந்த வெண்மை, தீத்தடுப்புக்காகச் செய்த வேலையிலிருந்து வந்தது.

வழிப்போக்கன்:
பொறுமையாக எழுதியதற்கு நன்றி. கிடங்கு என்ற கோணத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை, அது ஏற்கத்தக்கது. ஆனாலும் ஒசாகாவைக் கான்கிரீட் என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது சரியாகாது. ஹிதேயோஷி கட்டிய கோபுரம் 1615-இல் தொகுகாவா படையோடு நடந்த போரில் எரிந்தது. தொகுகாவா ஆட்சியில் எழுப்பிய கோபுரம் 1665-இல் இடி விழுந்து அழிந்தது. அதன்பின் இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் அந்த நகரத்துக்குக் கோபுரமே கிடையாது. இப்போது நிற்பது நகரத்து மக்கள் நன்கொடை கொடுத்துக் கட்டிக்கொண்டது. அதுவும் 1997 முதல் பதிவுபெற்ற பண்பாட்டுச் சொத்து. சுற்றியுள்ள கல்மதில்களும் அகழிகளும் 1620-களில் கட்டியவை, அசலானவை. சகுரா வாயிலுக்குள் நுழைந்ததும் எதிரே நிற்கும் ‘தக்கோ இஷி’ என்ற ஒற்றைக்கல்லின் எடையை நூறு டன்னுக்கும் மேலாகக் கணக்கிடுகிறார்கள். அதன் முன் நின்றால் ஒசாகாவை யாரும் போலி என்று சொல்லமாட்டார்கள்.

தச்சன் மகன்:
போலி என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஒசாகாவின் கல்மதிலைப் பற்றி நீங்கள் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் ஏற்கிறேன். கோபுரத்தின் உட்புறத்தைப் பார்க்க விரும்புகிறவருக்கு மட்டுமே ஹிமேஜியைப் பரிந்துரைக்கிறேன்.

கோபேவாசி:
நான் இந்தப் பகுதியிலேயே வசிக்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களை ஹிமேஜிக்கு அழைத்துச் செல்வது வழக்கம். கட்டணத்தைப் பற்றிப் பலரும் அரைகுறையாக எழுதுவதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 2026 மார்ச் முதல் தேதியிலிருந்து ஹிமேஜி நகரவாசிகளுக்கு 1,000 யென், மற்றவர்களுக்கு 2,500 யென், 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமே இல்லை. 2024-இல் இந்தப் பேச்சு எழுந்தபோது வெளிநாட்டவரிடம் மட்டும் கூடுதலாக வாங்கலாம் என்றுதான் நகரத்தந்தை யோசனை சொன்னார். கடைசியில் நடைமுறைக்கு வந்தது உள்ளூர், வெளியூர் என்ற பிரிவு. தோக்கியோவிலிருந்து வரும் ஜப்பானியரும் நீங்களும் ஒரே தொகைதான் கொடுக்கிறீர்கள். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. 2009-இல் தொடங்கிய கடைசித் திருப்பணியில் கோபுரத்தைக் கூடாரமிட்டு மூடி, கூரையையும் சுவர்ப் பூச்சையும் புதுப்பித்து, 2015 மார்ச்சில்தான் திறந்தார்கள். அப்போது ஓட்டிடைச் சாந்து வெளேரென்று இருந்ததைப் பார்த்து உள்ளூர்க்காரர்களே திகைத்தார்கள். இப்போது பூஞ்சை படிந்து சாம்பல் நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. மரமும் சாந்தும் கொண்ட கட்டடம் தலைமுறைக்கு ஒருமுறை இப்படிக் கைவேலையைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அந்தச் செலவை உள்ளூர்க்காரர்கள் தலையில் மட்டுமே சுமத்த முடியாது.

ஒசாகாவிலிருந்து ஷின்காய்சோக்கு என்னும் விரைவு ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம். முன்பதிவு வேண்டாம், கூடுதல் கட்டணமும் இல்லை. ஷின்-ஒசாகா நிலையத்திலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயில் அரை மணியில் கொண்டுபோய்விடும், ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்கு ஆகும் நேரத்தையும் சேர்த்தால் பெரிய லாபமில்லை. நிலையத்தின் வடக்கு வாயிலில் வெளியே வந்ததும் நேர்ச்சாலையின் கோடியில் கோட்டை தெரியும். தட்டையான அகன்ற நடைபாதையில் கால்மணி நேர நடை. காலை ஒன்பதுக்குத் திறக்கிறார்கள். ஒன்பதுக்கே வாயிலில் நில்லுங்கள் என்பதுதான் எல்லோருக்கும் நான் சொல்வது. பதினொரு மணிக்கு மேல் படிக்கட்டுகளில் வரிசை தேங்கிவிடுகிறது. நண்பர் வழிப்போக்கன் பார்த்த குதிகால்கள் அந்த நேரத்துக் கூட்டமாக இருக்க வேண்டும்.

மேகலை:
எல்லோருக்கும் நன்றி. கட்டணக் குழப்பம் தீர்ந்தது. இனி அம்மாவைப் பற்றிய கவலைதான். படிகள் எவ்வளவு செங்குத்து? பாதி வழியில் திரும்பி வர முடியுமா? மத்சுமோத்தோ இதைவிட எளிது என்று ஒருவர் சொன்னாரே, உண்மையா?

தச்சன் மகன்:
மத்சுமோத்தோ எளிதல்ல. அங்கே நான்காம் தளத்துக்கும் ஐந்தாம் தளத்துக்கும் இடையிலுள்ள படிக்கட்டின் சாய்வு 61 பாகை. ஏணி என்றே சொல்லலாம். கரிய மரப்பலகைச் சுவர்களோடு அகழி நீரில் நிழலாடும் அந்தக் கோட்டை எனக்கு மிகவும் பிடித்தது, ஆயினும் முழங்கால் வலியுள்ளவரை அங்கே ஏற்றச் சொல்லமாட்டேன். ஹிமேஜியில் பெருங்கோபுரத்துக்குள் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனி வழி வைத்திருப்பதால், பாதியில் வந்த படியிலேயே திரும்புவது கூட்டத்தில் சிரமம். கீழ்த்தளங்களை விட மேல்தளங்களின் படிகள் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். காலுறை மட்டும் அணிந்து வழவழப்பான மரப்படியில் இறங்க வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைச் சோதிக்கும்.

கோபேவாசி:
அம்மா பெருங்கோபுரத்துக்குள் ஏறாவிட்டாலும் அந்த நாள் வீணாகாது. நுழைவாயிலான ஹிஷி வாயிலைக் கடந்ததும் இடப்புறம் ஏறும் சரிவு மேற்கு வளாகத்துக்குப் போகிறது. 1615-இல் ஒசாகா வீழ்ந்தபோது உயிர்தப்பிய சென்ஹிமே, இயேயாசுவின் பேத்தி. ஹிதேயோஷியின் மகன் ஹிதேயோரியின் மனைவியாக அங்கே வாழ்ந்தவர், பின்னர் ஹோண்டா குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு ஹிமேஜிக்கு வந்தார். அந்தக் குடும்பம் அப்போது எழுப்பியது இந்த வளாகம். மதிலோடு ஒட்டி வளைந்து செல்லும் நீண்ட மரத்தாழ்வாரமும், ஓரத்தில் பணிப்பெண்களின் அறைகளும், கோடியில் சென்ஹிமேயின் ஒப்பனைக் கோபுரமும் உண்டு. அங்கும் காலணியைக் கழற்ற வேண்டும், சில படிகளும் உண்டு; ஆனால் பெருங்கோபுரத்தின் படிகளோடு ஒப்பிட்டால் அவை ஒன்றுமே இல்லை. கோபுரம் முழுவதையும் சற்றுத் தள்ளி நின்று பார்க்க அதைவிட நல்ல இடம் வளாகத்தில் இல்லை. ஒசாகாவில் ஹிதேயோரியின் கதையைப் படித்துவிட்டு இங்கே வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே இயன்றால் இரண்டு கோட்டைகளையும் பாருங்கள், ஒசாகாவை முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுவடி:
இழையை ஆர்வத்தோடு படித்து வருகிறேன். எப்படிக் கட்டினார்கள் என்பது நிறையப் பேசப்பட்டுவிட்டதால், எப்படித் தப்பியது என்பதையும் சேர்க்க விரும்புகிறேன். சாமுராய் ஆட்சி முடிந்தபின் வந்த மெய்ஜி அரசு 1873-இல் பிறப்பித்த ஆணைக்குப் பின் நாடெங்கும் கோட்டைகள் இடிபட்டன, ஏலம் போயின. ஹிமேஜியை ஒருவர் 23 யென் 50 சென்னுக்கு ஏலத்தில் எடுத்து, இடிக்கும் செலவு கட்டுப்படியாகாமல் கைவிட்டார் என்ற செய்தியை இன்றும் சொல்லக் கேட்கலாம். இராணுவத்தின் கையிலிருந்த கோட்டை பராமரிப்பின்றிச் சிதைந்துகொண்டிருந்தபோது, நாகாமுரா ஷிகேதோ என்ற கர்னல் ஹிமேஜியையும் நகோயாவையும் காக்க வேண்டும் என்று 1878-இல் மேலிடத்துக்கு எழுதினார். அவருக்கான நினைவுக்கல் ஹிஷி வாயிலுக்கு உட்புறம் இருக்கிறது. பெரும்பாலோர் அதைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். நீங்களாவது ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

1945 ஜூலை 3-ஆம் தேதி இரவு நகரத்தின்மீது தீக்குண்டுகள் பொழிந்தன. விமானங்களின் கண்ணுக்குத் தெரியாதிருக்கக் கோட்டையின் வெண்சுவர்களைக் கருவலைகளால் மூடியிருந்தார்கள். சுற்றிலும் நகரம் எரிந்து தீர்ந்தது. கோபுரத்தின் உச்சித்தளத்தில் விழுந்த ஒரு குண்டு தீப்பற்றவில்லை. அது பற்றியிருந்தால் சாந்துப்பூச்சு என்ன செய்திருக்கும்? உள்ளே இருப்பது முழுக்க முழுக்க மரம். கண்காட்சிப் பொருள் எதுவும் இல்லாத அந்த உச்சித்தளத்தில் இதை எண்ணிக்கொண்டு நின்றபோது என் கண்கள் கலங்கின. என் நாட்டுக் கட்டடம் இல்லையே என்ற எண்ணம் அப்போது வரவில்லை.

தச்சன் மகன்:
சுவடி அவர்களின் பதிவுக்கு என் வணக்கங்கள். அந்த உச்சித்தளத்தைப் பற்றி ஒன்று: கடைசித் திருப்பணியின்போது அதன் மூலைச்சுவர்களுக்குள் சன்னல்களுக்கான அமைப்பு புதைந்திருந்ததைக் கண்டார்கள். முதல் திட்டத்தில் நாற்புறமும் சன்னல்கள் இருந்திருக்கின்றன, பிறகு மூலைகளை அடைத்துச் சுவராக்கியிருக்கிறார்கள்.

மேகலை அவர்களுக்கு இன்னொரு விண்ணப்பம். வாயிலிலிருந்து கோபுரத்துக்கு ஓடாதீர்கள். ஹிஷி வாயிலுக்கு அப்பால் ஜப்பானிய எழுத்து வரிசையில் இ, ரோ, ஹா, நி, ஹோ என்று பெயரிட்ட வாயில்கள் வருகின்றன. அண்ணாந்தால் கோபுரம் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் தெரியும், பாதையோ திரும்பி எதிர்ப்புறமாகக் கொண்டுபோகும். இந்த அலைக்கழிப்பு வேண்டுமென்றே செய்தது. நீங்கள் திரும்பும் ஒவ்வொரு முனையையும் மதிலிலுள்ள துளைகள் குறிவைத்திருக்கின்றன. நெடுக்கான துளை அம்புக்கு, வட்டமும் முக்கோணமும் சதுரமும் துப்பாக்கிக்கு. அவற்றில் ஒன்றில் கண்ணை வைத்து, கீழே நடந்து வருகிறவர்களைப் பாருங்கள். பாதை ஏன் அப்படி வளைகிறது என்பது அந்த நொடியில் விளங்கிவிடும்.

ஹா வாயிலின் தூணுக்கடியில் கல்விளக்கு ஒன்றின் துண்டை அடிக்கல்லாக வைத்திருக்கிறார்கள். மதில்களில் பழங்காலத்துக் கல்சவப்பெட்டிகளும் புதைந்திருக்கின்றன. அவசரத்தில் கல் பற்றாமல் கிடைத்ததையெல்லாம் அடுக்கியிருக்கிறார்கள். ஹோ வாயிலின் உட்புறம் ஒரு சிறு துண்டுச் சுவர் மட்டும் வெள்ளையடிக்காமல் மண்நிறத்தில் நிற்கும். களிமண்ணைக் கஞ்சித் தண்ணீரில் பிசைந்து இடித்துக் கட்டிய அது, ஹிதேயோஷி காலத்து மிச்சமாகக் கருதப்படுகிறது.

வழிப்போக்கன்:
இவற்றில் பாதியை நான் பார்க்கவே இல்லை. அடுத்த பயணத்தில் ஒன்பது மணிக்கே போய் நிற்பேன். கட்டணம் அதிகம் என்ற கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. கோபுரம் ஏற முடியாத முதியவர்களுக்கென்று குறைந்த கட்டணச்சீட்டு இருந்தால் நன்றாக இருக்கும்.

மேகலை:
முடிவு செய்துவிட்டேன். முதல் நாள் ஒசாகா, மறுநாள் ஹிமேஜி. அம்மாவிடம் சென்ஹிமேயின் கதையைச் சொன்னதும் மேற்கு வளாகத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். நான் கோபுரத்துக்குள் இருக்கும் நேரத்தில் அவர் எங்கே காத்திருக்கலாம்?

கோபேவாசி:
இருவரும் ஒன்பது மணிக்கே உள்ளே வாருங்கள். நவம்பர்க் கடைசியில் மரத்தரை சில்லென்றிருக்கும். தடித்த காலுறையாக, அடிப்பக்கம் வழுக்காததாகப் பார்த்து அணியுங்கள். கூட்டம் சேர்வதற்குள் நீங்கள் கோபுரத்தை முடித்துவிடுவது நல்லது. அதுவரை அம்மா மேற்கு வளாகத்துத் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கட்டும். நீங்கள் இறங்கி வந்ததும் தாழ்வாரத்தை இருவருமாகச் சேர்ந்து பாருங்கள். திரும்பும் வழியில் ஒகிக்கு என்ற பணிப்பெண்ணின் ஆவி தட்டுகளை எண்ணுவதாகக் கதை சொல்லும் கிணறு வரும். அதற்குக் கம்பிவலை போட்டிருக்கிறார்கள். பிறகு அகழியை ஒட்டிய கோகோ-என் தோட்டத்துக்குப் போங்கள். 1992-இல் அமைத்த அதில் ஒன்பது தனித்தனித் தோட்டங்கள், நடை முழுவதும் ஏறக்குறைய சமதளம், அந்தப் பருவத்தில் மேப்பிள் இலைகள் சிவந்திருக்கும். கோட்டைக்கும் தோட்டத்துக்கும் சேர்த்து ஒரே சீட்டாக வாயிலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் நான்கு மணிக்குள் தோட்டத்தை முடித்துக்கொண்டு நிலையத்துக்கு நடையைக் கட்டுங்கள்.